70 மைல், இரண்டு மாநிலங்கள், ஒரு லைசென்ஸ்

லாஸ் வேகாஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் இன்டர்ஸ்டேட் 15இல் பிரிம் என்ற சிற்றூரைத் தாண்டினால் நெவாடா முடிந்து கலிஃபோர்னியா தொடங்குகிறது. நடுவில் ஆறு இல்லை, மலை இல்லை. அதே பாலைவனம், அதே தார்ச்சாலை. நெவாடாவில் லாரிக்கென்று தனி வேக வரம்பு கிடையாது. காருக்கு எதுவோ அதுவே லாரிக்கும். அதனால் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி மணிக்கு 70 மைல் வேகத்தில் எந்தத் தப்பும் செய்யாமல் எல்லைவரை வந்துவிடலாம். எல்லையைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. கலிஃபோர்னியாவில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட லாரிக்கு உச்ச வேகம் 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். பக்கத்து லேனில் அதே 70இல் போகிற காருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. லாரியோ வரம்பைவிட 15 மைல் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த 15 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 14 என்றால் அது சாதாரண வேக டிக்கெட், அதாவது போலீஸ் எழுதித்தரும் அபராதச் சீட்டு. 15 என்றால் அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி அது ‘கடுமையான மீறல்’ என்ற வேறொரு பட்டியலில் ஏறிவிடுகிறது. அந்த டிரைவரின் லைசென்ஸ் பென்சில்வேனியாவில் வாங்கியதாக இருக்கலாம், டெக்சாஸில் வாங்கியதாக இருக்கலாம். எங்கே வாங்கினார் என்பதும், வீடு எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்பதும் இங்கே எதையும் மாற்றாது.

சொந்தக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விஷயம் பாதிதான் புரியும், ஏனென்றால் அவர்களுடைய உலகம் வேறு. சுற்றுலா போன இடத்தில் ஒரு டிக்கெட் வாங்கினால், வீட்டுக்கு வந்து இணையத்தில் பணம் கட்டிவிட்டு மறந்துபோகிறவர்களே அதிகம். சில சமயம் அது பலித்தும்விடுகிறது. மாநிலங்களுக்குள் டிக்கெட் தகவலைப் பகிர்ந்துகொள்ள 1960களிலேயே ‘ஓட்டுநர் உரிம ஒப்பந்தம்’ என்ற ஏற்பாடு வந்தது. ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்கள் அதில் சேரவே இல்லை. சேர்ந்த மாநிலங்களிலும் வந்த தகவலை என்ன செய்வது என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். நியூயார்க் வேறு அமெரிக்க மாநிலத்தில் வாங்கிய வேக டிக்கெட்டுக்கு லைசென்ஸில் குறைபாட்டுப் புள்ளி போடுவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில், ஒன்டாரியோவிலோ கியூபெக்கிலோ வாங்கினால் போடும்! இப்படியொரு கலவையில் வளர்ந்த நம்பிக்கைதான் ‘வெளிமாநில டிக்கெட் வீட்டுக்கு வராது’ என்பது.

கனரக லாரியும் பேருந்தும் ஓட்டத் தேவையான சி.டி.எல். எனப்படும் வணிக லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. அவருடைய டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவது மாநிலங்களின் ஒப்பந்தம் அல்ல, மத்தியச் சட்டம். ஒப்பந்தத்தில் சேராத மாநிலமும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். கட்டுப்படாவிட்டால் மத்திய அரசு தரும் நெடுஞ்சாலை நிதியில் கைவைப்பார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால் 1986க்கு முந்தைய நிலவரத்தைப் பார்க்க வேண்டும். அப்போது லாரி டிரைவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் லைசென்ஸ் வைத்திருந்தார்கள். ஒன்றில் டிக்கெட் சேர்ந்து கனத்துவிட்டால் அடுத்த தடவை போலீஸ் நிறுத்தும்போது இன்னொன்றை எடுத்து நீட்டலாம். ஒரு மாநிலம் பறித்தால் இன்னொரு மாநிலத்தின் அட்டையோடு மறுநாளே வண்டி எடுக்கலாம். சீட்டாட்டத்தில் கைக்கு ஏற்ற சீட்டை இறக்குவதுபோலத்தான். மோசமான டிரைவர் ஒருவரின் முழு வரலாறு எந்த ஒரு அலுவலகத்திலும் இருக்காது. துண்டு துண்டாக நாலு மாநிலங்களில் கிடக்கும். இன்னொரு பக்கம், பல மாநிலங்களில் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டே நாற்பது டன் வண்டியையும் ஓட்ட முடிந்தது.

1986 அக்டோபரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டத்துக்குள் ஒரு பகுதியாக ‘வணிக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம்’ வந்தது. 1987 ஜூலையிலிருந்து ஒருவருக்கு ஒரே லைசென்ஸ்தான். 1992 ஏப்ரல் 1க்குள் எல்லா லாரி, பஸ் டிரைவர்களும் புதிய தேர்வை எழுதி, ஓட்டிக் காட்டி, சி.டி.எல். வாங்கியிருக்க வேண்டும். அதோடு எல்லா மாநில லைசென்ஸ் அலுவலகங்களையும் இணைக்கும் ஒரு கணினி வலையமைப்பும் அமைக்கப்பட்டது. டிரைவர்களும் அலுவலகக்காரர்களும் அதைச் சுருக்கமாக ‘சிட்லிஸ்’ என்பார்கள். ஒரு டிரைவர், ஒரு லைசென்ஸ், ஒரு ரெக்கார்டு. இந்த மூன்று ஒன்றுகள்தான் அடித்தளம். மற்ற விதிகளெல்லாம் அதில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள வந்தவை.

டிக்கெட் பயணப்படும் வழி இதுதான். கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்கிறது. அது கலிஃபோர்னியாவின் லைசென்ஸ் துறைக்குப் போகிறது. அங்கிருந்து சிட்லிஸ் வழியாக, லைசென்ஸ் கொடுத்த பென்சில்வேனியாவுக்கு. குற்றம் உறுதியான 10 நாளுக்குள் இது நடந்து முடிய வேண்டும். முன்பு சில மாநிலங்கள் இதைக் காகிதத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்பின. 2024 ஆகஸ்ட் 22 முதல் முழுக்க மின்வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது.

காகிதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அது வேக டிக்கெட் அல்ல, அதைவிடப் பெரியது. 2019 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ராண்டால்ஃப் என்ற ஊரில் டிரெய்லர் இழுத்துவந்த பிக்கப் லாரி ஒன்றும் மோட்டார் சைக்கிள் குழு ஒன்றும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். பிக்கப்பை ஓட்டியவரிடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வணிக லைசென்ஸ் இருந்தது. விபத்துக்கு ஆறு வாரம் முன்புதான் கனெக்டிகட்டில் போதையில் வண்டி ஓட்டியதாக அவர் கைதாகியிருந்தார். அந்தத் தகவல் மாசசூசெட்ஸ் பதிவகத்துக்கு வந்திருந்தும் அவருடைய லைசென்ஸ் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. தோண்டிப் பார்த்தபோது, மற்ற மாநிலங்களிலிருந்து வந்த பல்லாயிரக்கணக்கான அறிவிப்புகள் பிரிக்கப்படாமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தது தெரியவந்தது. பதிவகத்தின் தலைவர் சில நாளிலேயே பதவி விலகினார். டிரைவர் மீதான வழக்கில் 2022இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அது தனிக் கதை. ஆனால் ‘எங்கோ வாங்கிய டிக்கெட் எங்கோ ஒரு பெட்டிக்குள் கிடக்கும்’ என்ற டிரைவர்களின் பழைய நம்பிக்கை முழுக்கக் கற்பனையல்ல என்பதும் அந்தச் சம்பவத்தில் வெளியே வந்தது. இப்போது அந்தப் பெட்டிகளுக்கு இடமில்லை.

இனி, என் பார்வையில் இந்த விஷயத்தின் மையமான இடத்துக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கியது ரெக்கார்டில் ஏறுவதில்லை. குற்றம் உறுதியானதுதான் ஏறுகிறது. சரி, குற்றம் எப்போது உறுதியாகிறது? நீதிபதி முன்னால் நின்று, சாட்சி விசாரித்து, தீர்ப்பு வந்த பிறகு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மத்திய விதியின் வரையறை மிக அகலமானது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் உறுதி. ‘ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை’ என்று நீதிமன்றத்தில் சொன்னாலும் உறுதி. ஜாமீன் தொகை கட்டிவிட்டு ஆஜராகாமல் போய், அந்தத் தொகை பறிமுதலானாலும் உறுதி. அபராதத்தைக் கட்டினாலே உறுதி. நீதிமன்றச் செலவை மட்டும் கட்டினாலும் உறுதி. பிறகு தண்டனையை நிறுத்திவைத்தாலும் தள்ளுபடி செய்தாலும் அது மாறாது.

இதில் அபராதம் கட்டுவதுதான் பெரிய பொறி. ஒரு தொலைதூர டிரைவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். டிக்கெட் வாங்கிய ஊர் வீட்டிலிருந்து 2,500 மைல். வழக்கு நாளில் அங்கே போக லோடு கிடைக்குமா என்பது, லோடு ஒதுக்கும் டிஸ்பாட்ச்சரின் கையில் இருக்கிறது. டிக்கெட்டின் பின்னாலேயே இணைய முகவரி இருக்கும், தொகை சில நூறு டாலர் இருக்கும். ஓய்விடத்தில் படுத்தபடி போனிலேயே கட்டிவிடலாம். கட்டிய நொடியில் அவர் குற்றவாளி. பத்து நாளில் அது அவருடைய சொந்த மாநிலத்துக்குத் தெரியும். தொல்லையைத் தீர்த்துவிட்டதாக நினைத்துத் தூங்கப்போகிறவர் உண்மையில் தொல்லையைத் தொடங்கிவைத்திருக்கிறார்.

சரி, கட்டாமலே விட்டுவிட்டால்? அது இன்னும் மோசம். டிக்கெட் கொடுத்த மாநிலம் தன் எல்லைக்குள் அவருடைய ஓட்டும் உரிமையை நிறுத்திவைக்கலாம். ஒரு மாநிலத்தில் உரிமை நிறுத்தப்பட்டிருந்தாலே வணிக வாகனம் ஓட்டத் தகுதியில்லை. நூறு டாலர் சோம்பேறித்தனம் வேலையையே கொண்டுபோகும்.

கார்காரர்களுக்குத் திறந்திருக்கும் சன்னல்கள் எல்லாம் இவருக்கு மூடியிருக்கின்றன. பல மாநிலங்களில் ஒரு பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் டிக்கெட்டை ரெக்கார்டில் ஏறாமல் செய்துவிடலாம். வட கரோலினாவில் ‘தீர்ப்பை நிறுத்திவையுங்கள்’ என்று கேட்டுப் பெறும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. டெக்சாஸில் சில மாதம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடியாகும் ஏற்பாடு உண்டு. வணிக லைசென்ஸ்காரருக்கு இவை எதுவும் கிடையாது. டெக்சாஸில் அவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சொந்தக் காரில் போகும்போது வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் கிடையாது. 1999இல் நிறைவேறிய மோட்டார் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவு இது. மாநிலங்கள் வணிக லைசென்ஸ்காரரின் குற்றத்தை ‘மறைக்க’ கூடாது என்று அதிலிருந்து வந்த விதி சொல்கிறது. பார்க்கிங், எடை, வண்டிப் பழுது ஆகிய மூன்று வகைக்கு மட்டும் விலக்கு. மற்ற எந்தப் போக்குவரத்து மீறலும், எந்த வண்டியில் செய்திருந்தாலும், எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும், ரெக்கார்டில் தெரிந்தே ஆக வேண்டும்.

மிஞ்சியிருக்கும் வழி வழக்காடுவதுதான். ரேடார் கருவியைச் சோதித்துப் பார்த்த சான்று இருக்கிறதா, அதிகாரி சாட்சி சொல்ல வந்தாரா, வண்டியை அடையாளம் கண்டதில் குழப்பம் உண்டா என்பதுபோன்ற கேள்விகள். தீர்ப்புக்கு முன்பே அரசு வழக்கறிஞர், கிடைத்த சாட்சியத்தை எடைபோட்டுக் குற்றச்சாட்டைக் குறைத்து, 16 மைல் கூடுதல் என்பதை 9 மைல் என்று மாற்ற ஒப்புக்கொள்வதும் நடக்கிறது. இது மறைப்பதில் சேருமா சேராதா என்று சட்டக்காரர்களுக்குள்ளேயே சர்ச்சை உண்டு. சாட்சியம் பலவீனம் என்பதால் குறைத்தால் அது வழக்கமான நீதி. பாவம், பிழைப்பு போய்விடும் என்பதற்காகக் குறைத்தால் அதைத்தான் விதி தடுக்க நினைக்கிறது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது நடைமுறையில் ஒவ்வொரு ஊர் நீதிமன்றத்தின் பழக்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் அனுபவப்பட்ட டிரைவர்கள் டிக்கெட் வாங்கிய ஊரிலேயே வக்கீல் பிடிக்கிறார்கள். பல இடங்களில் சிறு வழக்குகளில் வக்கீலே டிரைவருக்காக ஆஜராக முடியும். கலிஃபோர்னியாவில் நேரில் போகாமல், எழுத்து மூலம் வாக்குமூலம் அனுப்பியே வழக்காடும் வசதியும் இருக்கிறது. அதற்கு முதலில் அபராதத் தொகையை ஜாமீனாகக் கட்ட வேண்டும். வென்றால் திரும்பக் கிடைக்கும்.

அந்த 15க்குத் திரும்புவோம். மத்திய விதிகளின் 383.51 என்ற பிரிவு கடுமையான மீறல்களைப் பட்டியலிடுகிறது. வரம்பைவிட 15 மைலோ அதற்கு மேலோ வேகம், கண்மூடித்தனமாக ஓட்டுவது, முன்வண்டியை ஒட்டிப் போவது, தாறுமாறாக லேன் மாறுவது, ஓட்டும்போது குறுஞ்செய்தி அனுப்புவது, கையில் போனைப் பிடித்துப் பேசுவது என்று அது போகும். மூன்று ஆண்டுக்குள் வெவ்வேறு சம்பவங்களில் இப்படி இரண்டு சேர்ந்தால் 60 நாள் வணிக வாகனம் ஓட்டத் தடை. மூன்று சேர்ந்தால் 120 நாள். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை, ஒரே மாநிலத்தில் நடந்திருக்க வேண்டியதும் இல்லை. ஒஹாயோவில் போனைக் கையில் எடுத்தது ஒன்று, இரண்டு வருடம் கழித்துக் கலிஃபோர்னியா எல்லையில் 70இல் போனது ஒன்று என்றால் கணக்கு முடிந்தது.

சொந்தக் காரில் செய்த மீறலுக்கு இந்த இடத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. அந்த மீறலால் அவருடைய கார் ஓட்டும் உரிமையே நிறுத்தப்பட்டால்தான் அது இந்த இரண்டு, மூன்று கணக்கில் சேரும். ஆனால் ரெக்கார்டில் ஏறாமல் இருக்காது.

60 நாள் என்பது கேட்க ஏதோ பள்ளி விடுமுறைபோல இருக்கிறது. கார்காரர் ஒருவரின் லைசென்ஸ் முடக்கப்பட்டால், வேலைக்குப் போய்வர மட்டும் என்று பல மாநிலங்கள் ஒரு கட்டுப்படுத்திய அனுமதி தரும். தடைபட்ட நாள்களில் வணிக வாகனம் ஓட்ட அப்படி எந்த அனுமதியும் தரக்கூடாது என்று மாநிலங்களுக்கு உத்தரவு. யோசித்தால் விசித்திரம்: வேலைக்குப் போக வண்டி தேவைப்படுகிறவருக்கு இரக்கம் உண்டு, வண்டியே வேலையாக இருப்பவருக்கு இல்லை. பொதுமக்களின் பாதுகாப்பு என்ற காரணம் எனக்குப் புரிகிறது. லாரியைத் தவணையில் வாங்கி ஓட்டும் டிரைவருக்கு அந்த இரண்டு மாதமும் தவணை நிற்காது, காப்பீட்டுக் கட்டணமும் நிற்காது, வருமானம் மட்டும் நிற்கும்.

மாநிலத்துக்கு மாநிலம் வேக வரம்பு மாறுவது இதில் இன்னொரு சிக்கல். எண்ணெய் நெருக்கடியின்போது 1974இல் நாடு முழுக்க 55 மைல் என்று ஒரே வரம்பு கொண்டுவந்தார்கள். 1995 இறுதியில் அதை நீக்கி முடிவை மாநிலங்களிடம் விட்டார்கள். டெக்சாஸில் ஒரு சாலையில் 85 வரை போகலாம். இண்டியானாவில் கிராமப்புற நெடுஞ்சாலையில் காருக்கு 70, கனரக லாரிக்கு 65. வாஷிங்டன் மாநிலத்தில் லாரிக்கு 60. கலிஃபோர்னியா பழைய 55ஐ லாரிக்கு இன்றும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘15 மைல் கூடுதல்’ என்ற மத்திய அளவு எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதனால் ஒரே வேகம், ஒரே வண்டி, ஒரே வானிலை இருந்தும் ஒரு பக்கம் குற்றமே இல்லை, மறுபக்கம் தொழிலுக்கே ஆபத்து. வர்ஜீனியா இன்னொரு வகை. அங்கே வரம்பைவிட 20 மைல் கூடுதலாகப் போனாலோ, வரம்பு எதுவாக இருந்தாலும் 85ஐத் தாண்டினாலோ அது வேக டிக்கெட்டே அல்ல. கண்மூடித்தனமாக ஓட்டிய கிரிமினல் குற்றம்.

பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் லாரிகளின் எஞ்சினிலேயே வேகத்தைக் கட்டிவைத்திருப்பதற்கு எரிபொருள் சிக்கனம் மட்டும் காரணம் அல்ல. 68க்கு மேல் போக முடியாத வண்டி, கலிஃபோர்னியாவில் மாட்டினாலும் சமதளத்தில் 13தான் கூடுதல். கட்டுப்பாடு இல்லாத வண்டியைச் சொந்தமாக ஓட்டுகிறவர்தான் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடியவர். அவர் ஏன் வேகமாகப் போகிறார்? நாளுக்கு 11 மணிநேரம்தான் ஓட்டலாம் என்று இன்னொரு மத்திய விதி இருக்கிறது; கூலியோ பெரும்பாலும் மைல் கணக்கு. 11 மணிநேரத்தை 55ஆல் பெருக்கினால் 605 மைல், 70ஆல் பெருக்கினால் 770. காகிதக் கணக்குதான், வழியில் நெரிசலும் டீசலும் குறுக்கே வரும். ஆனாலும் அந்த 165 மைல் வித்தியாசத்தைச் சாலையில் பார்த்துக்கொண்டே போகிறவரின் கால் கொஞ்சம் அழுந்துவதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இதுவரை பேசியது ஒரு பேரேடு. இரண்டாவது பேரேடு ஒன்றும் இருக்கிறது. புதிதாக வந்த டிரைவர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2010 முதல் நிறுவனங்களின் பாதுகாப்பை அளக்க ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. சாலையோரம் நிறுத்திச் சோதனை அறிக்கை எழுதும் அதிகாரி அதில் வேக மீறலைக் குறித்தாலே போதும். ‘போனால் போகட்டும், எச்சரிக்கை மட்டும் தருகிறேன்’ என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், சோதனை அறிக்கையில் வேகம் எழுதப்பட்டிருந்தால் அது நிறுவனத்தின் கணக்கில் ஏறும். அந்த முறையில் 6 முதல் 10 மைல்வரை கூடுதலுக்குக் கனம் 4, 11 முதல் 14வரை 7, 15ஓ அதற்கு மேலோ என்றால் 10. முதல் ஆறு மாதம் அது மூன்று மடங்காகப் பெருகும், ஒரு வருடம்வரை இரண்டு மடங்கு, இரண்டு வருடம் முடியும்போதுதான் விலகும்.

டிரைவரின் பெயரோடும் அந்த அறிக்கை ஒட்டிக்கொள்கிறது. வேலைக்கு எடுக்கும் முன் நிறுவனங்கள் வாங்கிப் பார்க்கும் மத்திய அறிக்கை ஒன்றில் ஐந்து ஆண்டு விபத்துகளும் மூன்று ஆண்டு சாலையோரச் சோதனைகளும் இருக்கும். நிறுவனம் மாறினாலும் அது கூடவே வரும். நீதிமன்றத்தில் வென்றால் இந்தப் பேரேடு தானாகத் திருந்தாது. 2014 ஆகஸ்டுக்குப் பிந்தைய சோதனைகளுக்கு மட்டும் ஒரு வழி உண்டு: வழக்கு தள்ளுபடியானதற்கான ஆவணத்தை ‘டேட்டாக்யூஸ்’ என்ற முறையீட்டுத் தளத்தில் ஏற்றினால் மீறலை நீக்குவார்கள், குறைந்த குற்றத்துக்கு மாறியிருந்தால் கனத்தை 1 ஆக்குவார்கள். ஏற்றாதவருக்கு ஒன்றும் நடக்காது. வென்ற சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

முதலாளி விஷயத்துக்கு வருவோம். குற்றம் உறுதியான 30 நாளுக்குள் டிரைவர் தன் முதலாளிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். எந்த மாநிலம், எந்த வண்டி என்பதில் வித்தியாசம் இல்லை. லைசென்ஸ் முடக்கப்பட்டால் அறிவிப்பு வந்த மறுநாள் வேலை நேரம் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். வெளிமாநிலக் குற்றத்தைச் சொந்த மாநிலத்துக்கும் டிரைவரே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றுகூட முன்பு இருந்தது. கணினி அதைச் செய்துவிடும் மாநிலங்களைப் பொறுத்தவரை 2013இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். முதலாளியும் தன் பங்குக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு டிரைவரின் ரெக்கார்டையும் மாநிலத்திடம் வாங்கிப் பார்க்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால் டிக்கெட்டும் தெரிந்துவிடும், மறைத்ததும் தெரிந்துவிடும்.

ஆனால் உண்மையான கத்தி இந்த விதிகளில் இல்லை என்று நினைக்கிறேன். அது காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மத்திய விதி இரண்டாவது கடுமையான மீறல்வரை காத்திருக்கும். காப்பீட்டுக்காரர் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று ஆண்டில் இத்தனை மீறலுக்கு மேல் இருப்பவருக்குக் காப்பீடு தர மாட்டேன் என்று சொன்னால், சட்டப்படி முழுத் தகுதியுள்ள டிரைவருக்கும் அந்த நிறுவனத்தில் சாவி கிடைக்காது. 9 மைல் கூடுதல் என்று குறைத்து வாங்கிய டிக்கெட்டும் அவர்களுடைய எண்ணிக்கையில் ஒன்றுதான்.

டொரொன்டோ, பிராம்ப்டன் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி லாரி ஓட்டுகிற நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. கனடாவின் வணிக லைசென்ஸை அமெரிக்கா தன் சி.டி.எல்லுக்குச் சமமாக ஏற்கிறது. ஏற்பதால் அதே தகுதிநீக்க விதிகளும் அமெரிக்க மண்ணில் அவர்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் அவர்கள் மீது உறுதியாகும் குற்றங்களைச் சேர்த்துவைக்க வெளிநாட்டு ஓட்டுநர்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் இருக்கிறது. நியூயார்க்கிலோ மிச்சிகனிலோ வாங்கிய டிக்கெட் ஒன்டாரியோவின் ரெக்கார்டில் குறைபாட்டுப் புள்ளியோடு ஏறும். ஒன்டாரியோ 2009 முதல் கனரக லாரிகளின் வேகத்தை மணிக்கு 105 கிலோமீட்டருக்குள் கட்டிவைக்கச் சொல்கிறது. 105 என்றால் 65 மைல். கலிஃபோர்னியாவுக்குத் தக்காளி ஏற்றப் போகிற லாரி அந்தக் கட்டுக்குள் முழு வேகத்தில் போனாலும் 10 மைல் கூடுதல்தான். மாட்டினால் டிக்கெட் நிச்சயம், ஆனால் கடுமையான பட்டியலுக்கு வெளியே. டிரைவர்கள் திட்டித் தீர்க்கும் அந்த வேகக்கட்டு, இந்த ஓர் இடத்தில் அவர்களைக் காப்பாற்றுகிறது.

பிரிம் எல்லையில் நாம் விட்டுவந்த டிரைவரை இந்நேரம் ஓரமாக நிறுத்தியிருப்பார்கள். கலிஃபோர்னியாவின் டிக்கெட் தாளில் வணிக வாகனம் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதோடு வேகத்துக்குத் தனிக் கட்டங்கள்: வண்டி வந்த வேகம், அந்தச் சாலையின் உச்ச வேகம், அந்த வகை வண்டிக்கான வரம்பு. இவருக்கு 70, 70, 55 என்று எழுதுவார்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியது அபராத விவரத்தை அல்ல, இந்த முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும். கழித்து வருவது 14ஆ, 15ஆ? அப்புறம் கையெழுத்துப் போட வேண்டும். போடத் தயங்க வேண்டியதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், குறித்த இடத்தில் குறித்த நாளில் ஆஜராக உறுதியளிக்கிறேன் என்றுதான் அந்தக் கோட்டுக்கு மேலே எழுதியிருக்கிறது.